எரிந்த பூங்காவில் இந்த மாரிக்கே கன்று நடலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், உங்கள் ஊர்க் குளத்துக்கு மேலே கல்மலையும் சரிவுமாக ஒரு பொது இடம். கீழ்ப்பாதி பிரதேச சபையின் பூங்கா, மேல்பாதி அரச காடு, எல்லாமாக 40 ஏக்கர் அளவு. ஆகஸ்ட் கடைசியில் கச்சான் என்கிற வறண்ட மேற்குக் காற்றோடு தீப்பிடித்து இரண்டு நாள் எரிந்து அணைந்திருக்கிறது. ஒரு நிறுவனம் 1,000 கன்று தர முன்வந்திருக்கிறது. உங்கள் இளைஞர் கழகம் ஒக்டோபரில் சிரமதானம் வைத்து நட்டுவிட நினைக்கிறது. என்ன மரம் நடலாம், கருகி நிற்பவற்றை வெட்டிவிடலாமா, வாசலில் நிற்கும் பெரிய மருது பிழைக்குமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், மழை வந்தால் சாம்பல் எல்லாம் குளத்துக்குள் வந்துவிடுமோ என்று ஊரவர்கள் பயப்படுவதாகப் போகிற போக்கில் ஒரு வார்த்தை இருக்கிறது. எனக்கு அதுதான் உங்கள் உண்மையான கேள்வியாகப் படுகிறது. மற்ற மூன்றும் அதற்குப் பின்னால் வரட்டும்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மண் பாதுகாப்பும் காடு வளர்ப்பும்தான் என் படிப்பும் பிழைப்பும். அம்பாறை, மட்டக்களப்பு இரண்டு மாவட்டத்திலும் 20 வருடத்துக்கு மேல் குளத்து மேட்டிலும் காட்டோரத்திலும் வேலை செய்திருக்கிறேன். எரிந்த இடங்கள் பல பார்த்தாயிற்று. அதில் பிழையான வேலை செய்த இடமும் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். உங்கள் இடத்தை நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் போட்ட நான்கு படங்களை வைத்துத்தான் பேசுகிறேன். அதனால் சரிவு எவ்வளவு, மண் எவ்வளவு ஆழம் என்பதில் என் ஊகம் தவறலாம்.

அவசரமாகப் பதில் வேண்டுமென்றால் இதோ: இந்த மாரிக்குச் சரிவில் கன்று நடவேண்டாம். வெந்த தரையை மூட வைக்கோல் தேடுங்கள். கன்றுகளை நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றி அடுத்த மாரி வரை காப்பாற்றுங்கள். ஏன் என்று கேட்டால் கொஞ்சம் நீளமாகச் சொல்லவேண்டும்.

அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களோ பொதுக் காடுகளோ எரிந்தால் இரண்டு வேலையைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பணமும் தனித்தனிக் கணக்கு. ஒன்று அவசர நிலைப்படுத்தல். தீ கட்டுக்குள் வந்த ஒரு வருடத்துக்குள் முடிக்கவேண்டியது. அடுத்த மழையால் மனித உயிருக்கும் வீதிக்கும் நீர்நிலைக்கும் மண்ணுக்கும் வரக்கூடிய சேதத்தைக் குறைப்பது மட்டுமே அதன் வேலை, காட்டைத் திரும்ப உண்டாக்குவது அதில் சேராது. மண்ணும் நீரும் தெரிந்த ஒரு குழு தீ அடங்கிய கையோடு இறங்கி, ஒரு வாரத்துக்குள் எங்கே ஆபத்து, எதைச் செய்யவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடும். மற்றது புனரமைப்பு. தானாக மீளாத இடத்தில் மரம் நடுவது, களையை அடக்குவது, வேலி, நடைபாதை, கொட்டில்களைத் திருத்துவது எல்லாம் அதில் வரும்; 5 வருடம் வரை இழுக்கலாம். நம் பக்கத்தில் முதல் வேலைக்குப் பெயர்கூடப் புழக்கத்தில் இல்லை. தீ அணைந்ததும் நேராக மரநடுகை விழாதான். கன்றுக்குப் பணம் தர ஆள் இருக்கிறது, பதாகை கட்டலாம், படம் எடுக்கலாம். வைக்கோல் பரப்புவதைப் படம் எடுத்தால் மாட்டுக்குத் தீனி போடுகிறார்கள் என்றுதான் தெரியும்.

மழைக்கு ஏன் இவ்வளவு பயப்படவேண்டும்? கலிபோர்னியாவில் 2017 டிசம்பரில் தோமஸ் தீ என்றொரு பெருந்தீ எரிந்தது. அது முற்றாக அடங்குமுன்பே, 2018 ஜனவரி 9 அதிகாலை அதே மலைகளில் கொட்டிய மழையில் சேறும் கல்லும் மொன்டெசிட்டோ என்ற ஊருக்குள் இறங்கி 23 பேரைக் கொண்டுபோயின. படுவான்கரையில் அப்படிச் செங்குத்து மலை இல்லை. அந்தக் கதையைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தவும் மாட்டேன். ஆனால் தீயும் மழையும் அடுத்தடுத்து வருவது நமக்கும் அதே ஒழுங்குதான். மட்டக்களப்பில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் நவம்பர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதற்கு முன்னால் ஒக்டோபரில் பின்னேரத்து இடிமழை வேறு இருக்கிறது. நாள் கணக்கில் பெய்யாது, அரை மணித்தியாலத்தில் ஊற்றிவிட்டுப் போய்விடும். சருகும் புல்லும் இல்லாத வெறுந்தரைக்கு அந்த அரை மணித்தியாலம் போதும்.

ஒரு கணக்குப் பாருங்கள். 40 ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மேல்மண் மட்டும் கழுவிப்போனால் ஏறக்குறைய 160 கன மீட்டர் மண். மணல் ஏற்றுகிற ஆட்களின் கணக்கில், ஒரு கியூப் 100 கன அடி என்றால், 55 கியூப்புக்கு மேல். ஒரு மில்லிமீட்டர் என்பது கைநகத்தின் தடிப்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்குதான். அத்தனையும் குளத்துக்குள் வரும் என்று சொல்லவில்லை, வழியில் தங்குவதும் உண்டு. ஆனால் வருவது முதலில் நுண்மண்ணும் சாம்பலும்தான். குளத்தைத் தூர்ப்பது ஒரு பக்கம். சாம்பலோடு வரும் சத்துகள் தண்ணீரில் பாசியைக் கிளப்பிவிடுவது இன்னொரு பக்கம். கல்லோயா தேசியப் பூங்காவை 1954 இல் ஒதுக்கியதற்கே முதல் காரணம் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் வரும் மேட்டைக் காப்பதுதான். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை மட்டக்களப்பு நகரத்தில் குழாயில் குடிக்கிறோம். மேட்டில் எரிந்தது கீழே பைப்பில் தெரியும்.

உங்கள் மூன்றாவது படம் என்னை யோசிக்க வைத்தது. மொட்டைக் கல்மலை, அதன் அடியில் ஒரு வளையமாக எரிந்த மண். கல்லில் விழும் மழை ஒரு சொட்டும் உள்ளே இறங்காமல் அப்படியே அந்த வளையத்தில் வந்து கொட்டும். பள்ளம் விழுவதானால் அங்கேதான் முதலில் விழும். நேரமோ ஆளோ குறைவென்றால் அந்த வளையத்தை மட்டுமாவது பாருங்கள்.

ஒக்டோபருக்கு முன் நாலைந்து பேர் ஒரு காலையில் இடம் முழுவதும் நடந்து பாருங்கள். கையில் ஒரு மண்வெட்டி, ஒரு போத்தல் தண்ணீர் போதும். கறுத்த சாம்பல், பாதி கருகிய சருகு, கிளறினால் உயிரோடு புல்வேர் என்று இருந்தால் தீ மேலால் ஓடிப்போயிருக்கிறது, மண்ணுக்குப் பெரிய சேதமில்லை. புல்லுத் தீ வேகமானது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் சில அங்குலம் கீழே சூடு போகாது. வெள்ளைச் சாம்பல் மட்டும் கிடந்து, மயிர் போன்ற வேர்கள் தொட்டதும் பொடியாகின்றன என்றால் அது நல்லாய் வெந்த இடம். செங்கல் நிறமாக மாறிய திட்டுகளும் தெரியும். பெரிய குற்றி கிடந்து நாள் கணக்கில் கனன்ற இடங்கள் அவை. பிறகு சாம்பலை மெல்ல விலக்கி, மண்ணின் மேல் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். 5 செக்கனுக்குள் உறிஞ்சினால் நல்லது. முத்துப்போல் உருண்டு ஒரு நிமிடம் நின்றால், எரிந்த இலைகளின் மெழுகு ஆவியாகி மண்ணுக்குள் படிந்து தண்ணீரைத் தள்ளுகிறது என்று அர்த்தம். ஒரு சென்டிமீட்டர் கீறிவிட்டும் ஒரு தடவை பாருங்கள், அந்தப் படலம் சில வேளை கீழே ஒளிந்திருக்கும். ஒரு எச்சரிக்கை: நம் பக்கத்து மணல்மண் கோடையில் எரியாமலே தண்ணீரைத் தள்ளும். அதனால் எரியாத பக்கத்திலும் இதே சோதனையைச் செய்து ஒப்பிடாமல் முடிவு எடுக்கவேண்டாம். தீயால் வந்த தள்ளல் பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாகப் போய்விடும். பிரச்சினை முதல் மாரிதான்.

இப்போது வைக்கோல். எரிந்த சரிவுக்கு என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். அவற்றில் நம்பிச் சொல்லக்கூடியது தரையை மூடுவதுதான். மழைத்துளி நேரே மண்ணில் அடிக்காமல் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. தரையில் 60 முதல் 70 சதவீதம் மூடினால் அரிப்பு நன்றாகக் குறைகிறது. ஒரு ஹெக்டேயருக்கு 2 தொன், கூடினால் இரண்டரைத் தொன் வைக்கோல் வேண்டும். நமக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். சிறுபோக அறுவடை ஓகஸ்ட், செப்டெம்பரில் முடிகிறது. மழைக்குச் சற்று முன்னால் வயலில் வைக்கோல் கிடக்கிறது, பல இடத்தில் அதைக் கொளுத்தவும் செய்கிறார்கள். நெல்லும் வைக்கோலும் ஏறக்குறைய ஒரே எடை என்று வைத்தால், ஒன்றரை ஏக்கர் வயல் வைக்கோல் ஒரு ஹெக்டேயர் சரிவுக்குக் காணும். வயற்சொந்தக்காரரான போடியாரிடமோ, வயல் வேலைகளைக் கவனிக்கும் வட்டவிதானையிடமோ போய்க் கேளுங்கள், உழவு இயந்திரக் கூலிக்கே தருவார்கள். இன்னொரு நன்மையும் உண்டு. கலிபோர்னியாவில் கோதுமை வைக்கோலைவிட நெல் வைக்கோலை விரும்பிப் போடுகிறார்கள், ஏனென்றால் வயலில் தண்ணீரில் முளைக்கும் களை காய்ந்த மேட்டில் பிழைக்காது. படுக்கை விரித்த மாதிரித் தடிப்பாகப் போடவேண்டாம். ஊடாலே மண் கொஞ்சம் தெரியவேண்டும், இல்லாவிட்டால் அடியில் இருக்கும் முளை மேலே வராது. உதறி உதறி, மேலிருந்து கீழாகப் போட்டு வாருங்கள். காற்று அள்ளிக்கொண்டு போகும் இடத்தில் கருகிய கொப்புகளை வெட்டி மேலே போடலாம். வைக்கோல் காணாவிட்டால் கொப்பும் குழையும் மட்டுமே போட்டாலும் பரவாயில்லை.

நாற்பது ஏக்கரையும் மூடவேண்டாம். நல்லாய் வெந்த இடம், சரிவு கூடிய இடம், கல்லடி வளையம், குளத்துக்கும் பாதைக்கும் நேர் மேலான இடம் இவ்வளவுதான். உங்கள் படத்தைப் பார்த்தால் அது 6, 7 ஏக்கருக்கு மேல் வராது. ஒரு சிக்கல், வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்காது: வைக்கோல் போட்டால் மாடு வரும், யானையும் வரலாம். மாட்டுப் பட்டிக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி மூன்று மாதம் அந்தப் பக்கம் விடாமல் இருக்கச் சொல்லுங்கள். யானை நடமாட்டம் உள்ள பக்கத்தில் வைக்கோலைத் தவிர்த்து முள்ளுக் கொப்பைப் போடுங்கள். பழைய, மழையில் ஒரு தரம் நனைந்து கறுத்த வைக்கோலென்றால் மாட்டுக்கு அவ்வளவு பிடிக்காது, சரிவுக்கு அதே போதும்.

இனி அந்தப் பிழையான வேலை. பல வருடத்துக்கு முன் அம்பாறைப் பக்கம் ஒரு குளத்துக்கு மேலே இப்படித்தான் எரிந்தது. ஓர் அலுவலகம் நவம்பரில் மரநடுகை வைத்தது; குழி வெட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன், சின்ன உத்தியோகத்தன். ஒன்றரை அடிக் குழி, நேர் வரிசை, மேலிருந்து கீழாக. கிளறிய மண்ணைக் குழிக்குப் பக்கத்திலேயே கொட்டினோம். நத்தார் முடிந்து போய்ப் பார்த்தால், நாங்கள் வெட்டிய வரிசைதான் பள்ளமாக இருந்தது. ஒவ்வொரு குழியும் நிரம்பி உடைந்து அடுத்த குழிக்குத் தண்ணீரைக் கொடுத்திருக்கிறது. வெந்த சரிவில் வேர்கள் இன்னும் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். நாம் அதை அறுத்துக் கிளறிவிட்டோம். தப்பிய கன்றை மாடு தின்றது, அதற்கும் தப்பியதை அடுத்த ஆடியில் இலுக்குப் புல்லில் பிடித்த தீ தின்றது. அந்தத் திட்ட அறிக்கையில் நட்ட கன்றின் எண்ணிக்கை சரியாக இருந்தது.

கருகி விழுந்த மரங்களைச் சரிவுக்குக் குறுக்கே, மட்டத்தோடு மட்டமாகக் கிடத்தினால் மண் தங்கும் என்று சொல்வார்கள். சாதாரண மழைக்கு உதவும், பெருமழைக்கு உதவாது என்பதுதான் அனுபவம். அதுவும் மரத்துக்கு அடியில் இடைவெளி இல்லாமல் மண்ணில் பதித்தால் மட்டும். பதிக்காமல் சும்மா போட்டால் தண்ணீர் அடியால் சீறி இன்னும் ஆழமாக அறுக்கும். சிறு பள்ளங்களில் கல்லாலோ கொப்பாலோ குட்டித் தடுப்பு கட்டலாம், நடு தாழ்ந்தும் இரு கரை உயர்ந்தும் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கரையைச் சுற்றி அறுத்துக்கொண்டு போகும். ஓடையில் கட்டவேண்டாம். அது உடைந்தால் சேர்த்து வைத்த அத்தனையும் ஒரே தடவையில் இறங்கும்.

பாதையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். எரிந்த பூங்காவில் முதல் ஓடை உங்கள் நடைபாதையேதான். மழைக்கு முன் பாதைக்குக் குறுக்கே சாய்வாகச் சிறு மண்வரம்போ கல் வரிசையோ போட்டு, தண்ணீரைப் பக்கத்துப் பற்றைக்குள் திருப்பிவிடுங்கள். மதகுகளில் அடைந்து கிடக்கும் கரியையும் கொப்பையும் அள்ளுங்கள், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் திரும்பவும் அள்ளுங்கள். தீயை மறிக்க ஜேசிபியால் ஒரு வரி வெட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி மேலிருந்து கீழாக நேரே இறங்குகிறதென்றால், எரிந்த நிலத்தைவிட அதுதான் உங்களுக்குக் கூடிய தொல்லை தரும். இரு பக்கமும் ஒதுக்கிய மண்ணைத் திரும்ப இழுத்துப் போட்டு, இடையிடையே குறுக்கு வரம்பு வைத்து, மேலே கொப்புப் போடுங்கள். கன்றுக்குப் பணம் தருகிற நிறுவனங்கள் ஜேசிபி வாடகைக்குக் கேட்டால் யோசிப்பார்கள். ஆனாலும் கன்றுக்கு வைத்த பணத்தில் கொஞ்சம் இதற்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

புல் விதை தூவலாமா என்று உங்கள் பதிவின் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். இதில் நான் நிச்சயமாகச் சொல்லத் தயங்குகிறேன். அமெரிக்காவில் பல பத்தாண்டு விமானத்தால்கூட விதை தூவினார்கள். பிறகு அளந்து பார்த்தவர்கள், ஆபத்தான முதல் மழைக்கு அந்தப் புல் பெரும்பாலும் நேரத்துக்கு முளைக்கவில்லை, முளைத்த இடத்தில் உள்ளூர்ச் செடியை நெருக்கியது என்று எழுதியிருக்கிறார்கள். நம் மழையும் மண்ணும் வேறு, அதனால் அதை அப்படியே இங்கே பொருத்த மாட்டேன். ஆனால் கினியாப் புல்லைத் தூவவேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாரியில் ஆளுயரம் வளரும், கோடையில் காய்ந்து வைக்கோல்போராக நிற்கும். பள்ளத்தின் தலைப்பில் வெட்டிவேர் வைப்பது வேறு விஷயம், அது நல்லது.

ஆட்களை உள்ளே விடுமுன் இதையும் கேளுங்கள். மழையும் காற்றும் தொடங்கியதும் வெந்த மரங்கள் சத்தமில்லாமல் விழும். அடிவேர் எரிந்து மேலே மண் மட்டும் மூடி நிற்கும் குழிக்குள் கால் போனால் முழங்கால் வரை இறங்கும். சிறுவர்களைச் சிரமதானத்துக்குக் கூப்பிடவேண்டாம். பூங்காவை மாரி முடியும்வரை மூடி, தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் வையுங்கள். யுத்த காலத்தில் முகாமோ காவலரணோ இருந்த இடமென்றால், புல் எரிந்த பிறகு மண்ணில் ஏதாவது உலோகம் தெரியக்கூடும்; தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். இன்னொன்று, எரிந்த இடத்தில் இளம்புல் வந்ததும் மான், மாடு, யானை எல்லாம் அங்கே கூடும். அந்த ஓரத்து வீட்டுக்காரர்களுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

அடுத்தது இலுக்கு. உங்கள் சரிவுக்கு உண்மையான எதிரி யார் என்று கேட்டால், நடந்து முடிந்த தீயைச் சொல்லமாட்டேன், அடுத்த தீயைத்தான் சொல்வேன். இலுக்கின் கிழங்கு மாதிரியான வேர்த்தண்டு மண்ணுக்குள் இருக்கிறது. மேலே எரிந்தால் அதற்கு ஒன்றும் இல்லை, சில நாளில் முளைத்துவிடும். எரிய எரிய மற்றதெல்லாம் குறைந்து இலுக்கு கூடும். இலுக்கு கூடக் கூட இன்னும் லேசாக எரியும். மின்னலால் தீப்பிடிப்பது நம் நாட்டில் அரிது, ஏறக்குறைய எல்லாம் மனிதக் கைதான்: இளம்புல்லுக்காகப் பட்டிக்காரர், வேட்டைக்காரர், தேன் எடுக்கிறவர், காடு வெட்டிச் சேனைப்பயிர் செய்கிறவர், அணைக்காமல் எறிகிற சிகரெட். பட்டிக்காரர்களைக் கள்ளராகப் பார்த்தால் வேலை நடக்காது. கோடையில் மேய்ச்சல் தரை இல்லாமல்தான் கொளுத்துகிறார்கள். பங்குனி, சித்திரையில் பூங்காவின் இலுக்கை அவர்களே அறுத்துக்கொண்டு போகட்டும் என்று ஒரு ஒழுங்கு செய்தால் அவர்களுக்குத் தீனி, உங்களுக்குத் தீத்தடுப்பு. பிலிப்பைன்ஸில் இன்னொரு வழி பழக்கத்தில் இருக்கிறது. ஒரு பலகையின் இரு முனையிலும் கயிறு கட்டித் தோளில் மாட்டி, உயர்ந்து நிற்கும் இலுக்கை அந்தப் பலகையால் மிதித்து மடித்துவிடுகிறார்கள். வெட்டினால் திரும்ப முளைக்கும். மடித்தால் அடியில் உள்ளது வெளிச்சம் இல்லாமல் ஓய்ந்துபோகும், தீயும் அவ்வளவு வேகமாக ஓடாது. இடையில் தானாக முளைத்த மரக்கன்றுகளைத் தேடி, பக்கத்தில் ஒரு தடி நட்டு அடையாளம் வைத்து, சுற்றி ஒரு முழத்துக்குப் புல்லைப் பிடுங்கிவிடுகிறார்கள். நடுகைச் செலவில் ஒரு பங்குதான் ஆகும். வேரோடு அந்த இடத்திலேயே பிறந்த கன்று என்பதால் பிழைக்கும் வாய்ப்பும் கூட.

அதனால்தான் இந்த மாரி முழுக்கப் பொறுத்துப் பாருங்கள் என்கிறேன். எது தானாக வருகிறது என்று தெரியாமல் நடுவது, ஆள் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு குடும்பத்தைக் குடியேற்றுகிற மாதிரி. கல்லோயாப் பக்கத்துப் புல்வெளிகளில் நிற்கும் கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை எல்லாம் தடித்த பட்டை உள்ளவை, தீக்குப் பழகியவை, அடியிலிருந்து துளிர்க்கும். உங்கள் படத்தில் குறைந்தது இரண்டு நெல்லி தெரிகிறது. பாலையும் வீரையும் நிற்கும் அடர்காடு அப்படித் தீக்குப் பழகியதல்ல, அங்கே இழப்பு கூடும். சவுக்கு வெந்தால் பெரும்பாலும் முடிந்தது. தை கடைசியில் திரும்ப நடந்து பார்த்து, ஒன்றும் முளைக்காத இடங்களைக் குறித்து வையுங்கள். அடுத்த ஒக்டோபர், நவம்பரில் அங்கே மட்டும் நடுங்கள்: குளத்தோரம் மருதும் நாவலும், மேட்டில் பாலை, வேம்பு, நெல்லி. எல்லையில் மாடு வராமல் கிளிரிசிடியாக் கம்பை நெருக்கமாக ஊன்றலாம், அதை இந்த மாரியிலேயே செய்யலாம். தட்டையான இடத்தில், வாசல் பக்கம், நிறுவனத்தின் மனம் நோகாமல் ஒரு 50 கன்றை இப்போதே நட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான், ஆனாலும் மீதி 950 கன்றைக் காப்பாற்ற அதுவே வழி.

கருகிய மரங்களை வெட்டும் கேள்விக்குப் பதில் சின்னது. பாதை, இருக்கை, கொட்டில் இவற்றின் மேல் விழக்கூடிய தூரத்தில் நிற்பவற்றை மட்டும் வெட்டுங்கள், வெட்டியதை அங்கேயே கிடத்துங்கள். உள்ளே நிற்பவை நிற்கட்டும். கிளியும் ஆந்தையும் இருவாய்ச்சியும் பொந்து தேடுவது அவற்றில்தான். விறகுக்கென்று உழவு இயந்திரத்தை ஏற்றி இழுத்தால், மிஞ்சியிருக்கும் மண்ணையும் சக்கரம் உழுதுவிடும். மேல்பாதி அரச காடு என்பதால் ஒரு கொப்பையும் வன இலாகாவின் எழுத்து இல்லாமல் வெட்டவேண்டாம், வைக்கோல் போடவும் அவர்களிடம் சொல்லிவிட்டே போங்கள். குளம் சின்னதென்றால் கமநல சேவை நிலையத்துக்கும், பெரிதென்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் ஒரு கடிதம். பிரதேச சபையிடம் பூங்காவை மூடும் அறிவித்தல். இவ்வளவும் கிராம சேவகரை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் முடிக்கலாம்.

கடைசியாக அந்த மருது. அடியில் கருகியிருக்கிறது, இலை எல்லாம் கொட்டிவிட்டது, ஊரில் சிலர் பட்டுவிட்டது என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் நாலு பக்கமும் கத்தி நுனியால் பட்டையைத் தீப்பெட்டி அளவு சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரமாக, வெளிர் நிறமாக இருந்தால் அந்தப் பக்கம் உயிர் இருக்கிறது. காய்ந்து பழுப்பாக, சாராயம் புளித்த மாதிரி வாடை வந்தால் செத்தது. கச்சான் மேற்கிலிருந்து அடித்திருப்பதால் சுவாலை மரத்தைச் சுற்றி வளைந்து கிழக்குப் பக்கத்தில்தான் கூட நேரம் நின்றிருக்கும். அந்தப் பக்கம் செத்திருந்தால் பயப்படவேண்டாம். சுற்றளவில் பாதிக்கு மேல் உயிர் இருந்தால் அது பிழைக்கும் பக்கம்தான். இலை கொட்டியதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. வாசலில் நிற்பதால் அதன் கீழ் ஆட்கள் நிற்காமல் ஒரு கயிறு மட்டும் கட்டி, தை முடியும்வரை கோடாலியைத் தள்ளி வையுங்கள்.